பாலை நிறுக்கிறோம், ஆளை நிறுக்கிறோமா?



நம் தோட்டங்களில் தராசுக்குப் பஞ்சம் கிடையாது. ஸ்டோருக்கு வரும் பாலை நிறுக்கிறார்கள். அதில் தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்றும் சோதிக்கிறார்கள். ஒட்டுப்பாலுக்கும் தராசு உண்டு. செம்பனைக் குலை ஏற்றிய லோரியை ஆலைக்குள் நுழையும்போது ஒரு தடவை, இறக்கிவிட்டு வெளியேறும்போது ஒரு தடவை நிறுக்கிறார்கள். கணக்கில் கொஞ்சம் உதைத்தாலும் கேள்வி வருகிறது. ஆனால் அந்தப் பாலை எடுத்தவரின் உடம்பு, அந்தக் குலையை வெட்டித் தள்ளியவரின் உடம்பு, ஒரே வருஷத்தில் ஐந்து கிலோ குறைந்து போனால் அந்தக் கணக்கைக் கேட்பவர் யார்?

கேட்பவர்தான் இல்லை, கருத்துச் சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். காலையில் பெரட்டுக்குப் போனால், "என்னண்ணே இப்படி எளச்சிப் போயிட்டீங்க? அண்ணி சோறு போடறதில்லையா?" என்று ஒருவர். கோயில் திருவிழாவுக்குப் போனால், "இந்தப் பொண்ணு ஈர்க்குச்சி மாதிரி இருக்கே, யாரு கட்டிக்குவா?" என்று ஒரு பெரியம்மா. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால், "பாரு, கொழு கொழுன்னு இருக்கான், இதுதான் ஆரோக்கியம்" என்று இன்னொரு அக்காள். எல்லாரும் பாசத்தில்தான் பேசுகிறார்கள். ஆனாலும் இந்தப் பேச்சு பல வீடுகளில் கெடுதலில் முடிகிறது. நோய் உள்ளவர் சும்மா இருந்துவிடுகிறார். நோய் இல்லாதவர் மருந்து தேடி ஓடுகிறார். ஆகவே, கண்ணால் பார்த்து உடம்பை எடை போடும் வழக்கத்தை நாம் விட வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது.

ஒல்லி வேறு, இளைப்பு வேறு

ஒல்லியாக இருப்பது சிலருடைய பரம்பரை வாகு. அப்பாவும் ஒல்லி, அத்தையும் ஒல்லி, பிள்ளையும் ஒல்லி. பத்து வருஷமாக அதே எடை, நல்ல பசி, நல்ல தூக்கம், வேலையில் களைப்பில்லை, பெண்ணாக இருந்தால் மாதவிலக்கும் ஒழுங்கு. இப்படிப்பட்டவரைப் பார்த்து "நோஞ்சான்" என்று சொல்வது அநியாயம்.

இளைப்பது என்பது அப்படியல்ல. நேற்று இருந்த உடம்பு இன்று இல்லை என்று அர்த்தம். 80 கிலோ இருந்தவர் முயற்சி எதுவும் செய்யாமலே 74 கிலோவுக்கு இறங்கினால், பார்ப்பவர் கண்ணுக்கு அவர் இன்னும் "நல்ல உடம்பு"தான். ஆனால் டாக்டர் கண்ணுக்கு அவர் உடனே சோதிக்க வேண்டிய ஆள். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள், சாப்பாட்டைக் குறைக்காமலே, எடையில் 100-க்கு 5 பங்கு குறைந்தால் காரணம் தேட வேண்டும் என்பது மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு அது வெறும் 3 கிலோ. இந்த 3 கிலோவைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியுமா? தினமும் பக்கத்தில் இருக்கும் மனைவிக்கும் தெரியாது. தராசுக்குத்தான் தெரியும்.

கணக்குப் போடுவது எப்படி?

பெரியவர்களுக்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். எடையைக் கிலோவில் எடுத்து, அந்தத் தொகையால் வகுங்கள். ஒருவர் உயரம் 1.60 மீட்டர், எடை 52 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1.60 பெருக்கல் 1.60 என்றால் 2.56. 52-ஐ 2.56-ஆல் வகுத்தால் 20.3. இதைத்தான் கிளினிக்கில் பி.எம்.ஐ. என்கிறார்கள். வீட்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை இருந்தால் ஒரு நிமிஷத்தில் போட்டுக் கொடுத்துவிடும்.

இந்த எண் 18.5-க்குக் கீழே இருந்தால் எடை குறைவு. மேல் எல்லையாக உலகச் சுகாதார நிறுவனம் 25 என்று வைத்திருந்தது. ஆனால் 2002-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் கூடிய அதன் நிபுணர் குழு, ஆசியர்களுக்கு 23-லிருந்தே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5-க்கு மேல் அது மிக அதிகம் என்று எடுத்துச் சொன்னது. அந்த அளவை வைத்துப் பார்த்தால் நம்மவர்களுக்குப் பொருத்தமான எடை ஏறக்குறைய இப்படி வரும்:

150 செ.மீ. உயரம்: 42 முதல் 51 கிலோ
155 செ.மீ. உயரம்: 45 முதல் 55 கிலோ
160 செ.மீ. உயரம்: 48 முதல் 58 கிலோ
165 செ.மீ. உயரம்: 51 முதல் 62 கிலோ
170 செ.மீ. உயரம்: 54 முதல் 66 கிலோ
175 செ.மீ. உயரம்: 57 முதல் 70 கிலோ

இதை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டி வையுங்கள். 155 செ.மீ. உயரமுள்ள பெண் 46 கிலோ இருக்கிறாள் என்றால், அவள் சரியாகத்தான் இருக்கிறாள். திருவிழாவில் யார் என்ன சொன்னாலும் சரிதான். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: கர்ப்பிணிகளுக்கும், வளரும் பிள்ளைகளுக்கும், கை கால் வீங்கியவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

எண்ணும் முழுக் கதையைச் சொல்லாது

தராசை நம்பச் சொல்லிவிட்டு, அதன் குறையைச் சொல்லாமல் விடக்கூடாது. 2004-ஆம் ஆண்டு 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்கள் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். ஒருவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின், மற்றவர் இந்தியாவில் புனே நகரத்து யாக்னிக். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே: 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு! இந்திய உடம்பு வெளியே மெலிவாகத் தெரிந்தாலும் உள்ளே கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நம்மில் பலரைப் பாருங்கள். கை கால் குச்சி போல், வயிறு மட்டும் முன்னால். "நான் ஒல்லிதானே, எனக்கு எப்படி இனிப்பு நீர் வரும்?" என்று கேட்பவர்கள் இவர்கள்தான். ஆகவே தராசோடு தையல்காரர் நாடாவும் வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்ட பின் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அதற்கு மேல் போனால், எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இரத்தத்தில் சீனியைச் சோதித்துக்கொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. இந்தியர்களிடம் இந்நோய் மற்ற இனத்தவரைவிட அதிகம்.

இளைப்பைப் பாராட்டாதீர்கள், பழித்தும் பேசாதீர்கள்

இனிப்பு நீர் வந்த பருமனான ஆள், மருந்து எடுக்காவிட்டால் தானாகவே இளைக்கத் தொடங்குவார். சாப்பிட்ட சீனி உடம்பில் சேராமல் சிறுநீரோடு போய்விடுகிறது. உடம்பு தன் கொழுப்பையும் சதையையும் எரித்துக்கொள்கிறது. அப்போது பார்ப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? "அடேயப்பா, தொப்பையெல்லாம் கொறஞ்சி இளமையா ஆயிட்டீங்களே மாமா!" அவரும் சிரித்துக்கொள்கிறார். ராத்திரியில் நான்கு தடவை எழுந்து போவதையும், எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்காததையும் யாரிடமும் சொல்வதில்லை.

மெலிந்த ஆள் இன்னும் மெலிந்தால் வேறு பேச்சு. "வேலை கடுமை, வெயில் கொடுமை, அதான்." வேலை கடுமைதான், யார் இல்லை என்றது? ஆனால் போன வருஷமும் அதே வேலைதானே? அதே நிரைதானே? உடம்பு மட்டும் ஏன் மாறியது? இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், இரவில் சட்டை நனையும் வியர்வை, இவற்றோடு இளைப்பும் சேர்ந்தால் சயரோகமாக இருக்கலாம். அது முழுதாகக் குணமாகும் நோய். சாதாரணமாக ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். கண்டுபிடிக்காமல் விட்டால் ஒரே வீட்டில் நான்கு பேருக்குப் பரவும். இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து நம்மோடு வேலை செய்யும் சகோதரர்கள் ஒரே அறையில் நெருக்கி அடித்துக்கொண்டு படுக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இளைத்தாலும் அது நம் கவலைதான்.

இன்னும் காரணங்கள் உண்டு. பசி நன்றாக இருந்தும் இளைப்பு, நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம் என்றால் தைராய்டு சுரப்பியைப் பார்க்க வேண்டும். முகம் வெளுத்து மூச்சு வாங்கினால் இரத்தச் சோகையா, கொக்கிப் புழுவா என்று பார்க்க வேண்டும். சம்சு குடிப்பவர் சாப்பாட்டை மறந்து இளைக்கிறார். மனம் சோர்ந்தவர் பசியை மறந்து இளைக்கிறார். பல் போன பாட்டி, "எனக்குப் பசிக்கலப்பா" என்பார். உண்மையில் அவரால் மெல்ல முடியவில்லை. சில வேளை புற்றுநோயும் இப்படித்தான் தலைகாட்டும். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. எதுவாக இருந்தாலும் முதலில் கண்டால் வழி உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

எடை கூடுவதும் எப்போதும் நல்லதல்ல. ஒரே வாரத்தில் இரண்டு மூன்று கிலோ ஏறி, காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்தால், அது சதை அல்ல, நீர். இருதயத்தையும் சிறுநீரகத்தையும் சோதிக்க வேண்டிய வீக்கம் அது.

குண்டுக் குழந்தை, சவலைக் குழந்தை

நம் பெரியவர்கள் 'சவலைப் பிள்ளை' என்று சொல்வார்கள். அடுத்த பிள்ளை வந்ததும் தாய்ப்பால் நின்று, கவனிப்புக் குறைந்து, நலிந்து போகும் பிள்ளை. ஆப்பிரிக்காவில் கோல்ட் கோஸ்ட் என்றழைக்கப்பட்ட இன்றைய கானாவில் வேலை செய்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார், 1930-களில் இதே கதையை எழுதினார். அங்குள்ள கா மொழியில் அந்த நோய்க்குக் 'குவாஷியோர்கர்' என்று பெயர். அடுத்த பிள்ளை பிறந்ததும் மூத்ததற்கு வரும் நோய் என்பதே அதன் பொருள். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தப் பிள்ளைகளின் முகமும் காலும் வயிறும் வீங்கி, பார்ப்பதற்குக் கொழு கொழுவென்றே தெரியும். உண்மையில் சத்தில்லாமல் செத்துக்கொண்டிருக்கும் பிள்ளை அது!

பிறகு அந்த அம்மையார் நம் பக்கம் மாற்றலாகி வந்தார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். தாய்ப்பாலை நிறுத்திவிட்டு, சீனி சேர்த்த டின்பாலைக் குழந்தைக்குக் கொடுக்கச் சொல்வதைக் கொலை என்றே கூறிக் கண்டித்தார். அன்று அவர் சொன்னது இன்றும் செல்லும். டின்பாலைத் தேத்தண்ணியில் ஊற்றுங்கள். தொட்டில் பிள்ளைக்கு ஊற்றாதீர்கள். அது சீனியால் பிள்ளையை ஊதவைக்கும், சதையையும் எலும்பையும் வளர்க்காது.

பிள்ளை ஒல்லியா குண்டா என்று கேட்பதை விட்டு, வளர்கிறதா என்று கேளுங்கள். பிறந்த முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறையும், இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடும். ஏறக்குறைய ஐந்து மாதத்தில் பிறந்த எடை இரண்டு மடங்காகும், ஒரு வயதில் மூன்று மடங்காகும். கிளினிக்கில் கொடுத்த புத்தகத்தில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். உங்கள் பிள்ளையின் புள்ளிகள் அந்தக் கோட்டோடு மேலே ஏறிக்கொண்டிருந்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளையைவிட மெலிவாக இருந்தாலும் கவலை இல்லை. புள்ளி ஏறாமல் படுத்துவிட்டால், பிள்ளை குண்டாகத் தெரிந்தாலும் தூக்கிக்கொண்டு போங்கள். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். 2019 ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தார்கள். "பாட்டி குள்ளம், அதான் பேத்தியும் குள்ளம்" என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். பாட்டியும் சின்ன வயதில் அரைவயிற்றோடு வளர்ந்தவர்தானே!

சதை போடும் மருந்து

மெலிந்த பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு வந்தால் வீட்டில் ஒரு புட்டி வந்து சேரும். இரவுச் சந்தையில் வாங்கியது, யாரோ சொல்லிக் கொடுத்தது. இரண்டு வாரத்தில் பசி பிய்த்துக்கொண்டு வரும், கன்னம் பூரிக்கும். எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் இப்படிப்பட்ட சில சரக்குகளில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தை ஒளித்துக் கலந்திருப்பதை நம் நாட்டு அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். அந்தக் கன்னம் ஆரோக்கியத்தால் வந்ததல்ல. முகம் நிலா போல் உருண்டு, சீனி ஏறி, இரத்த அழுத்தம் ஏறி, எலும்பு மெலிந்து போகும். பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண் இருக்கும். அது இல்லாததைத் தொடாதீர்கள். ஏற்கெனவே பல வாரம் சாப்பிட்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. புட்டியோடு டாக்டரிடம் போங்கள்.

உண்மையிலேயே எடை குறைவு, நோய் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னால், மருந்து அடுப்படியில் இருக்கிறது. ஒரு முட்டை, ஒரு பிடி நெத்திலி, பருப்பு, தவு, தெம்பே, கச்சான், முருங்கைக் கீரை. வெறும் கோப்பியைக் குடித்துவிட்டு இருட்டில் காட்டுக்குப் போய், பத்து மணிக்குப் பசியாறும் வழக்கத்தை மாற்றி, போகுமுன் இரண்டு வாய் சாப்பிடுங்கள். வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பின் மிச்சத்தைச் சாப்பிடும் தாய்மார்களே, உங்கள் தட்டையும் எல்லாரோடும் சேர்த்து வையுங்கள்.

மாதக் கடைசியில் முட்டை வாங்கக் காசில்லை என்றால்? அப்போது அந்த மெலிவுக்கு மருந்து கிளினிக்கில் இல்லை, சம்பளக் கணக்கில் இருக்கிறது. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. வேலை நாள் குறைந்து, பிடித்தம் போக, கைக்கு வருவது எவ்வளவு என்பதை உங்கள் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். உடம்பு இளைப்பதும் சங்கத்தின் வேலைதான்.

நாம் கேட்க வேண்டியது

ஒவ்வொரு தோட்டத்திலும் ஆட்களை நிறுக்க ஒரு நல்ல தராசும், சுவரில் உயரம் அளக்கும் கோலும் வேண்டும். ஆயாக்கொட்டகை இருக்கும் இடத்தில் பிள்ளைகளுக்குத் தனித் தராசு வேண்டும். இது சலுகை கேட்பதாகாது. 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் வீட்டு வசதியோடு, குழந்தைக் காப்பகம், சுகாதாரம், மருத்துவ வசதி, பயிரிட நிலம் ஆகியவற்றைப் பற்றியும் முதலாளிக்குக் கடமை வைத்திருக்கிறது. குலையை நிறுக்கப் பெரிய தராசு வாங்கிப் போட்ட நிர்வாகத்துக்கு, ஆளை நிறுக்கும் தராசு ஒரு செலவே அல்ல. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை எழுத்தில் வையுங்கள்.

தராசு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். சம்பள நாளை எடை நாளாக வைத்துக்கொள்ளுங்கள். டவுனுக்குச் சாமான் வாங்கப் போகும்போது கிளினிக்கிலோ மருந்துக் கடையிலோ ஏறி நின்று பார்த்து, தேதியோடு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். முடிந்தவரை அதே தராசு, அதே மாதிரி உடுப்பு, காலில் பூட்ஸ் இல்லாமல். 40 வயது தாண்டி, அரசாங்க ரொக்க உதவி பெறுபவர்களும் அவர்கள் துணைவரும், 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் இலவசமாக முழுச் சோதனை செய்துகொள்ளலாம். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். ஒரு நாள் பேர் போகுமே என்று தள்ளிப் போடாதீர்கள்.

இனி பெரட்டில் ஒரு தோழரைப் பார்த்து, "எளச்சிட்டீங்களே அண்ணே" என்று சொல்ல வாய் வந்தால், அதோடு நிறுத்திவிடாதீர்கள். "போன வருஷம் எவ்வளவு இருந்தீங்க, இப்ப எவ்வளவு? நிறுத்துப் பார்த்தீங்களா? வாங்க, இந்த லீவு நாள்ல நானும் கிளினிக்குக்குக் கூட வர்றேன்" என்று சொல்லுங்கள்.